மஞ்சள் கொண்டைக் கம்பி

நனைந்த தார்ப்பாய் வெயிலில் காயும்போது ஒரு வாசனை எழும். மெழுகும் பூஞ்சையும் கலந்தது; அதற்கு அடியில் எங்கோ பழைய பெட்ரோல். இன்று காலை மழை விட்டதும் பக்கத்து வீட்டுச் செட்டி குடும்பத்தார், விருந்துக்குக் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்து வேலியில் போட்டிருந்தார்கள். காப்பிக் குவளையோடு வாசலுக்கு வந்தேன். ஒரு மூச்சு இழுத்தேன். அவ்வளவுதான். குவளை கையில் இருந்தது, நான் அங்கே இல்லை. ஒரு வண்டியின் பின்பக்கத்தில், பக்கவாட்டுப் பலகையில், முழங்காலில் மீன்கூடை இடிக்க உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பிடரிகள். அவற்றில் ஒன்று இருந்த இடத்தில் என் பிடரி இருந்திருக்க வேண்டும்.

வயிறு எரிந்தது. இத்தனை வருடம் கழித்தும், ஐம்பதைத் தொடும் வயதிலும், வெறும் வயிற்றில் காரம் தின்றவனைப் போல எரிந்தது.

அந்த வண்டி எனக்கு வந்திருக்க வேண்டியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் செய்ததைப் பிறகு சொல்கிறேன்.

நாடு சுதந்திரம் அடைந்த காலம். மலாக்கா டவுனில் ஒரு ரப்பர் கம்பெனியில் நான் கடிதம் தட்டச்சு செய்யும் கிராணி. வீடு காஜா பெராங்கில். இரண்டு தெரு தள்ளி பாய் இருந்தார். மளிகைக் கடைக்காரர், ஆற்றில் இடுப்பளவு நின்றாலும் அவர் சட்டையிலிருந்து மல்லியும் சீரகமும் மணக்கும். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அவருக்குக் ‘கிராணியார்’, அவர் எனக்குப் ‘பாய்’. அவர் கடையை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் போய் வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் இந்தத் தெருவில் எந்த வண்டி வேகம் குறைத்தாலும் என் காது நிமிர்ந்துகொள்கிறது.

எங்களைச் சேர்த்து வைத்தது தூண்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் கம்பைக் கட்டிக்கொண்டு ஆயர் குரோ பக்கம் போவோம். அப்போது அது செம்மண் பாதை, இரு மருங்கிலும் ரப்பர். சில நாள் குருபோங் குட்டைகள். கிடைப்பது கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு விரால். ஆனால் எங்கள் மனம் அங்கே இல்லை. மனம் மலையடிவாரத்தில் இருந்தது. குனோங் லேடாங்கிலிருந்து இறங்கிவரும் ஓடைகளில், கண்ணாடித் தண்ணீரில், தூண்டிலை ஒடித்துக்கொண்டு ஓடும் மீன்களிடத்தில். கம்யூனிஸ்டுகளைத் தேடிப் போட்டிருந்த அவசரகாலச் சோதனைச் சாவடிகள் குறைந்து பாதைகள் திறந்திருந்தன. சைக்கிள்தான் சேற்றில் போகாது.

“நாலு சக்கரமும் சேந்து இழுக்குற காடி ஒன்னு வேணும் கிராணியாரே,” என்பார் பாய், கரையில் மணலில் விரலால் கோடு போட்டபடி. “ஜீப்பு மாதிரி. ஆனா பின்னாடி நீளமா, மூடுனாப்ல.”

“தூண்டிக் கம்பு படுக்குற நீளம் வேணும் பாய்.”

“நான் தொழுவ ஒரு பாய் விரிக்க எடம் வேணும்.”

“எனக்குக் கால் நீட்ட.”

“ஒங்களுக்குக் கால் நீட்டத்தான் காடியே வேணும்.”

மணலில் வரைந்த அந்த வண்டி நிஜத்தில் இருந்தது. ஒரு தோட்டத்துத் துரையிடம் இருந்தது. மாதம் ஒருமுறை எங்கள் கம்பெனிக்கு அதில்தான் வருவார். பாசி நிறப் பெயின்ட் வெளுத்துப்போன ஸ்டேஷன் வேகன், மூக்கின் மேல் சும்மாடு போல ஒரு உபரி டயர், பின்னால் எதிரெதிரே இரண்டு பலகைகள், கூரை ஒழுகியதால் அதன்மேல் இறுக்கிக் கட்டிய தார்ப்பாய். அவர் உள்ளே பேசிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் நான் சன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தட்டச்சு செய்த கடிதங்களில் பிழைகள் விழும். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

சுதந்திரம் வருவதற்குச் சில மாதம் முன்பு துரை ஊருக்குக் கிளம்பினார். கடைசியாகக் கம்பெனிக்கு வந்த அன்று, தூண்டில் முள் வாங்க என்னைக் கூப்பிடுவதற்காகப் பாயும் வந்து வாசலில் நின்றிருந்தார். துரை என் மேசை முன் நின்றார். தோட்டத்தில் கற்ற தமிழில், ஆள் விரட்டிப் பழகிய அந்தத் தமிழில், கேட்டார்.

“கிராணி. நீ மீன் பிடிக்கிறவன். வண்டி உனக்கு வேணுமா? விலை குறைச்சல்.”

விலையையும் சொன்னார். ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலை. என்னால் முடிகிற விலை.

நான் என்ன சொன்னேன்? நம் வீட்டுப் பிள்ளை எவனும் சொல்வதைத்தான் சொன்னேன். ஒரு வீட்டுக்குப் போகிறோம், சாப்பிடுங்கள் என்கிறார்கள், “இல்லிங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்” என்கிறோம். மறுபடி கேட்கிறார்கள், “இருக்கட்டும்” என்கிறோம். மூன்றாம் முறை கையைப் பிடித்து இழுக்கிறார்கள், உட்கார்கிறோம். கேட்டதும் பாய்ந்து விழுகிறவனை என்னவென்று சொல்வார்கள்? எழுந்து நின்று, பல்லெல்லாம் தெரிய, “ஐயோ, எனக்கெதுக்குத் துரை, வேணாம்” என்றேன்.

“ரைட்,” என்றார் துரை.

அவருக்கு நம் தமிழில் எல்லாக் கட்டளையும் தெரியும். நம் முதல் ‘வேண்டாம்’ எதிலும் சேர்த்தி இல்லை என்பது மட்டும் தெரியாது. திரும்பி நடந்தார். வாசல் வரை எட்டு அடி. இரண்டாம் முறை கேட்பார் என்று ஒவ்வொரு அடியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வாசலில் பாய் சொன்னார்: “தொரை, நான் எடுத்துக்கிறேன்.”

முடிந்தது. கை குலுக்கினார்கள்.

வெளியே வந்ததும் பாய் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “என்னா கிராணியாரே, அந்த ஆளுக்கிட்டப் போயி உபசாரம் பேசிக்கிட்டு? நான் எடுக்கலேன்னா வேற எவனாச்சும் தூக்கியிருப்பான். காடி நமக்குத்தான் லா.”

நமக்கு. அந்தச் சொல்லை அன்று முழுதும் வாயில் போட்டு மென்றேன். கசந்தது. பெயர் மாற்றிய தாளில் ‘நமக்கு’ என்று எழுத இடமில்லை.

வீட்டில் சொன்னபோது மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை தூக்கவில்லை.

“வேணும்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னா?”

“ஒரு மரியாதைக்கு...”

“அந்த மரியாத இப்ப பாய் வீட்டு வாசல்ல நிக்கிது, போயிப் பாருங்க.”

அந்த வாரமே கம்பெனிக்கு ஒரு உறை வந்தது, வண்டி வாங்கியவரிடம் சேர்க்கும்படி. உள்ளே ஒரு சின்னப் புத்தகம், வண்டியோடு வந்த ஆங்கில விளக்கப் புத்தகம், ஓரங்களில் துரையின் பென்சில் குறிப்புகளோடு. பன்னிரண்டாம் பக்கத்தில் படம். ஓட்டுகிறவரின் காலருகே கியர் கம்பி தவிர இன்னும் இரண்டு கம்பிகள், ஒன்றுக்குச் சிவப்புக் கொண்டை, ஒன்றுக்கு மஞ்சள் கொண்டை. வண்டி சாதாரணமாகப் பின்சக்கரம் இரண்டில்தான் ஓடும். மஞ்சளை அழுத்தினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சிவப்பைப் பின்னால் இழுத்தால் மெதுவாக, மலையையும் ஏறும் பலத்தோடு. மஞ்சள் இல்லையென்றால் அது நீளமான ஒரு சாதாரண வண்டி, கனம் மட்டும் அதிகம்.

நாளைக்குக் கொடுக்கலாம் என்று மேசைக்குள் வைத்தேன். மறுநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன். அப்போதும் கொடுத்துவிடத்தான் நினைத்தேன். சத்தியமாக.

பாய்க்கு வண்டி ஓட்டத் தெரியாது. எனக்குத் தெரியும், கம்பெனி வேனில் பழகி லைசென்ஸும் வைத்திருந்தேன். மாலையில் வந்தார், கையில் சாவி.

“கிராணியாரே, நீங்கதான் ஓட்டணும்.”

“வேணாம் பாய், பெரிய வண்டி.”

“ஒங்களவிட்டா யாரு இருக்கா? பிடிங்க.”

“இருக்கட்டும் பாய்.”

“அட, பிடிங்கன்னா!”

மூன்றாம் முறை. துரை ஒரு முறை கேட்டதோடு போனார். இந்த மனிதர் முறை தெரிந்தவர், மூன்று முறை கேட்டார், கையைப் பிடித்துச் சாவியை வைத்தார். வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? ஆனால் அவர் சட்டைப் பையிலிருந்து வெளியே வந்த சாவி அது. வாங்கினால் நான் அவருடைய டிரைவர். “எனக்குக் கை நடுங்கும், வேற ஆளப் பாருங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வேறு ஆளைப் பார்த்தார். அவர் மனைவியின் தம்பி, ரொட்டிக் கடை வேன் ஓட்டுகிற இளைஞன். மீன் என்றால் குழம்பில் மட்டும் அறிந்தவன். சிரித்துக்கொண்டே ஓட்டுவான், சிரித்துக்கொண்டே பள்ளத்தில் விடுவான். அவன் வலப்பக்கம், பாய் இடப்பக்கம், நான் பின்னால் பக்கவாட்டில். பக்கவாட்டில் உட்கார்ந்து போகிறவனுக்குப் பாதை வருவதே தெரியாது, போவதுதான் தெரியும்.

முதல் பயணத்தன்றே அவன் கேட்டான். “மச்சான், இந்த மஞ்சக் கொண்ட எதுக்கு?”

பாய் திரும்பி என்னைப் பார்த்தார். “கிராணியார்தான் படிச்சவரு. சொல்லுங்க.”

என் வாய் தானாகத் திறந்தது. “அது குளிர் நாட்டுச் சாமான். எஞ்சின் சூட்ட உள்ள விடுறதுக்கு. இங்க எதுக்கு?”

“சூடா! வேற வெனையே வேணாம்,” என்றான் அவன். அன்றிலிருந்து அதைத் தொடவில்லை. யார் தொட வந்தாலும், “தொடாதீங்க, வெந்து போவோம்” என்பான்.

இப்படியாக அந்த வண்டி ஒரு வருடத்துக்கு மேல் இரண்டு சக்கரத்தில் ஓடியது. ஒவ்வொரு ஞாயிறும் எங்காவது புதைந்தது. பாய் இறங்கித் தள்ளுவார். நானும் தள்ளுவேன், தள்ளுகிற மாதிரி.

“நாலும் இழுக்கும்னாங்க,” என்பார் மூச்சு வாங்கியபடி.

“இழுக்குதே மச்சான். நாலும் சேந்து நம்மளச் சேத்துக்குள்ள இழுக்குது லா.”

மூவரும் சிரிப்போம். என் சிரிப்புதான் நீளமாக இருக்கும். அவர் முகத்தில் தெறித்த ஒவ்வொரு சேற்றுத் துளியும் எனக்குக் குளிர்ந்தது. வண்டி என்னிடம் வந்திருந்தால் பறந்திருக்கும் என்பது உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். அந்த ரகசியம்தான் என்னுடைய வண்டி. அதை நான் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சுதந்திரம் வந்த வாரம் பாய் வண்டிக்கு ஒரு சின்னக் கொடி கட்டினார். ஊர்வலக் கூட்டத்தில் மெதுவாகப் போனோம். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் கை காட்டினார்கள், “மெர்டேக்கா!” என்று சுதந்திரத்தைக் கூவினார்கள். பாய் முன்சீட்டிலிருந்து கையை உயர்த்தி வாங்கிக்கொண்டார், நாட்டையே அவர் வாங்கிவிட்டதைப் போல. பின்பலகையில் இருந்தவனை யாரும் பார்க்கவில்லை. அன்று எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் பன்னிரண்டாம் பக்கத்தை மனத்துக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் பாய் என் வீட்டுக் கேட்டில் வந்து நிற்பார். “நாளைக்கு வாரீங்களா, கிராணியாரே?”

“வேணாம் பாய், வேல இருக்கு.”

“என்னா பெரிய வேல, வாங்க.”

“பாப்போம் பாய்.”

“காலைல ஆறு மணிக்கு ஹாரன் அடிப்பேன், நில்லுங்க.”

ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. ஒரு வாரம்கூட இரண்டோடு நிறுத்தியதில்லை.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு தள்ளும்போது பாய்க்கு இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. கடையில் தலையணை வைத்து உட்கார்ந்தார். மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்க அடுத்தவரைக் கூப்பிட்டார். அகலத் தோல் வார் ஒன்றைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு அடுத்த ஞாயிறும் வந்தார். அந்த வாரத்தில்தான் மனைவி புத்தகத்தைக் கண்டெடுத்தாள்.

“என்னா இது, காடிப் படம்?”

“ஆபீஸ் சாமான்.”

“ஆபீஸ் சாமானுக்கு வேட்டிக்கு அடியில என்னா வேல?”

அவள் புரட்டினாள். ஆங்கிலம் தெரியாது, படம் தெரியும். வண்டியின் மூக்கைக் கண்டுகொண்டாள்.

“இது பாய் காடில்ல? குடுத்துருங்க. அந்த மனுசன் இடுப்பப் புடிச்சுக்கிட்டு நடக்குறாரு.”

“குடுக்குறேன்.”

“எப்ப?”

“குடுக்குறேன்னு சொல்றேன்ல!”

கொடுக்கவில்லை. இப்போது கொடுத்தால், ஏன் இத்தனை நாள் என்ற கேள்வி வரும். நாள் போகப்போகக் கொடுப்பது கடினமாகியது. கொடுக்காமல் இருப்பதோ பழகிவிட்டது.

கடைசியாகப் போனது மலையடிவாரத்து ஓடைக்கு. அன்று மீன் நன்றாகக் கிடைத்தது. எனக்குச் சளி, கொஞ்சம் காய்ச்சலும். திரும்பும்போது ஓடையைக் குறுக்கே கடக்க வேண்டும். காலையில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் இப்போது முழங்காலுக்கு வந்திருந்தது. மேலே எங்கோ மழை. நடு ஓடையில் பின்சக்கரங்கள் சுழன்றன, மணலைத் தோண்டின, வண்டி உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் கதவிடுக்கு வழியே உள்ளே வந்தது.

பாய் கதவைத் திறந்தார்.

“நானும் வாரேன் பாய்.”

“ஒங்களுக்குச் சளி. உள்ளேயே இருங்க.”

பின்கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். ஒரு கையால் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு, மறு தோளை வண்டிக்குக் கொடுத்துத் தள்ளினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கன்னம் நசுங்கியிருந்தது. என் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் நடுவே ஒரு விரல் தடிமன். தண்ணீர் அவர் தொடைக்கு ஏறியது. கால் வழுக்கியது. முகம் கண்ணாடியிலிருந்து மறைந்தது. பின்பக்க ஏணியைப் பிடித்த ஒரு கை மட்டும் தெரிந்தது. மஞ்சள்தூள் அளந்து நிறம் ஏறிய நகங்கள்.

எப்படி முன்னால் போனேன் என்று தெரியாது. மீன்கூடையைக் கவிழ்த்துக்கொண்டு சீட்டின் மேல் ஏறி விழுந்தேன். மஞ்சளை அழுத்தினேன்.

“அண்ணே, தொடாதீங்க! வெந்து...”

“கிளச்ச மிதி!” என்று கத்தினேன். சிவப்பைப் பின்னால் இழுத்தேன். “இப்ப விடு. மெதுவா. மெதுவாடா!”

வண்டி ஒருமுறை உறுமியது. பிறகு, மாடு எழுந்திருப்பதைப் போல, முன்பக்கத்தைத் தூக்கி, எந்த அவசரமும் இல்லாமல் கரையேறியது. ஏணியைப் பிடித்தபடியே பாயும் கரைக்கு இழுபட்டு வந்தார். எவ்வளவு அழகாக ஏறியது! அந்த நொடியில்கூட நான் நினைத்தது அதைத்தான்: எவ்வளவு அழகாக ஏறுகிறது, என்னுடையதாக இருந்திருக்க வேண்டியது.

பாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். என் கை இன்னும் மஞ்சள் கொண்டையின் மேல் இருந்தது. அதைப் பார்த்தார்.

“எப்பலேருந்து தெரியும்?”

“புஸ்தகத்துல போட்டிருந்துச்சு பாய்.”

“எந்தப் புஸ்தகம்?”

“தொரை ஒங்களுக்குக் குடுத்தனுப்புனது.”

“தொரை போயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு.”

அவர் மைத்துனன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். “அப்ப, இத்தன நாளும் நாம ரெண்டு சக்கரத்துலயா வந்தோம்? அந்தச் சூடு?” என்றவன் சிரிக்கத் தொடங்கி, பாய் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

கிளம்பினோம். ஆயர் குரோ வந்தது, புக்கிட் பாரு வந்தது. கூரைத் தார்ப்பாயில் வெயில் விழுந்து அந்த வாசனை கிளம்பியது. எதிர்ப்பலகையில் மீன்கள் வாய் திறந்து கிடந்தன.

என் வீட்டு வாசலில் வண்டி நின்றது. பின்கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். எப்போதும் போலப் பாய் இறங்கி வந்து திறந்தார். எப்போதும் போல, கிடைத்ததில் பெரிய மீனை எடுத்து என் கூடையில் போட்டார். நான் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்தேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். நின்றபடியே புரட்டினார். பன்னிரண்டாம் பக்கம் தானாகத் திறந்தது. நான் அத்தனை முறை திறந்த பக்கம்.

“படம் நல்லாத்தான் போட்டிருக்கான்,” என்றார். புத்தகத்தை மூடினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்வதற்கு முன் திரும்பினார்.

“வார ஞாயிறு வாரீங்களா, கிராணியாரே?”

“வேணாம் பாய்,” என்றேன். கேட்டில் கை வைத்து நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

“சரி, கிராணியாரே.”